கொத்தனார் காலமான விவரம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், என் மனைவி, தங்கள் மகள் ஆகிய மூவரும் சுகம். என் மகன் வெளியூர் வேலையில் சுகமாக இருப்பதாக வாராவாரம் அவனே சொல்கிறான். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகம், தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையும் சுகம் என்று நம்புகிறேன். சுகமாக இருப்பவர்களின் பட்டியல் இத்துடன் முடிகிறது. மிச்சமுள்ள ஐந்து பேரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தாங்கள் அன்போடு அனுப்பிவைத்த அந்த ஐந்து பேரில் நால்வர் படுமோசமாக இருக்கிறார்கள். ஒருவர் எங்கள் பால்கனியில், பூந்தொட்டிக்குள், மண்ணுக்கடியில் இருக்கிறார். தாங்கள் இதைப் படிக்கும்போது உட்கார்ந்திருந்தால் நல்லது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை நான் தங்கள் முட்டிவலியை விசாரித்தேன், தாங்கள் என் ரத்த அழுத்தத்தை விசாரித்தீர்கள், நான் சம்பந்தியம்மாவின் பல்லை விசாரித்தேன், தாங்கள் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை விசாரித்தீர்கள், பிறகு "வச்சிடட்டுங்களா?", "ஐயோ, நீங்க முதல்ல வைங்க", "இல்லல்ல, நீங்க வைங்க சம்பந்தி" என்று ஐந்து நிமிடம் போராடி இருவரும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டோம். இரண்டாம் தடவை தாங்களே நேராக, "மீனெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டீர்கள். 'செத்துக்கொண்டிருக்கின்றன' என்ற சொல் தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது என்னவோ, "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்பதுதான். தங்கள் ஆசீர்வாதத்தின் தலையில் இப்படி ஒரு பழியைத் தூக்கிப் போட்டதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதனால்தான் கடிதம். காகிதத்தில் யாரும் குறுக்கே பேசி முட்டிவலி கேட்க மாட்டார்கள்.

எல்லாம் கல்யாணத்தன்று ஆரம்பித்தது. சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தபோது தாங்கள் தங்கள் வீட்டுக் கடல்மீன் தொட்டியைப் பற்றிச் சொன்னீர்கள். சாதாரண மீன் வேறு, கடல் மீன் வேறு, தண்ணீரில் உப்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தாங்காது, தங்கள் மகளுக்கு அந்தத் தொட்டி என்றால் உயிர் என்றீர்கள். அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உப்புத் தண்ணிதானே சம்பந்தி? அதை எங்கிட்ட விடுங்க" என்று மார்தட்டினேன். தங்களுக்கே தெரியும், நான் டின்னில் அடைக்கும் உணவுத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் உப்புநீர் ருசி பார்த்தவன். பெரிய பெரிய தொட்டிகளில் உப்புநீர் கலக்குவார்கள். நான் போய் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, "இன்னும் அரைப்படி" என்பேன், அரைப்படி போடுவார்கள். அங்கே எனக்குப் பெயரே 'நாக்கு சார்' என்பதுதான். ஆய்வுக்கூடத்தில் ஒரு மெஷின் இருந்தது. மெஷின் ஒன்று சொல்லி நான் வேறொன்று சொன்னால், மெஷினைத்தான் ரிப்பேருக்கு அனுப்புவார்கள். இந்தத் திமிர் அன்றைக்கு என் வாயில் உட்கார்ந்து பேசியது.

கல்யாணம் முடிந்த ஒரு வாரத்தில் டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே உப்பை மறந்துடுங்க" என்றார். அன்றிலிருந்து என் மனைவி எனக்கென்று தனிப் பாத்திரத்தில், உப்பு என்ற பொருள் உலகத்தில் கண்டுபிடிக்கப்படாததுபோல் சமைத்துப் போடுகிறாள். எட்டு மாதம் ஆயிற்று. இந்த விஷயத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் தங்களிடமிருந்து கண்ணாடித் தொட்டி, கடற்பாறைகள், மணல், உப்பு மூட்டை எல்லாம் வந்து இறங்கின. கூடவே தங்கள் கடிதம். "மகள் போனில் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறாள். ஆனால் அதைக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறாள். மீன் இருந்தால் நாலு வார்த்தை பேசுவாள்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. தங்கள் மகள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பேசும் வார்த்தைகள் இரண்டே இரண்டு. என்னிடம் "சரிங்க மாமா", என் மனைவியிடம் "சரிங்க அத்தை". எவ்வளவு அடக்கமான பெண் என்று நாங்கள் பூரித்துப்போயிருந்தோம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமையும் பட்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று, இந்தப் பெண் சிரித்து நான் எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. இந்த மீன்களாவது நன்றாகப் பிழைத்து, அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரட்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அதனால்தான் தொட்டிக்கு முழுப் பொறுப்பும் நானே எடுத்துக்கொண்டேன். 'யாரும் கை வைக்கக் கூடாது' என்று அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். யாருக்காக மீன் வந்ததோ அவளுக்கும் சேர்த்துத்தான் அந்த அட்டை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூட்டைக்கு அடியில் நீல வெல்வெட் பெட்டியில் தாங்கள் புதிதாக வாங்கிவைத்திருந்த உப்பு பார்க்கும் கருவியும் இருந்தது. நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே கோடு தெரியும், முப்பத்தைந்தில் நிற்க வேண்டும், 'திருகாணியை நானே என் கையால் திருகிச் சரிபார்த்திருக்கிறேன்' என்றெல்லாம் தங்கள் முத்து முத்தான கையெழுத்தில் நாலு பக்கக் குறிப்பும் இருந்தது. கண்ணாடிக்காரருக்கு எதையும் குழாய்க்குள்ளே பார்த்தால்தான் திருப்தி என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, கருவியையும் குறிப்பையும் பீரோவில் துணிகளுக்குப் பின்னால் வைத்து மூடினேன். இரண்டு நாள் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து உப்பு கலக்கினேன். நாக்கில் வைத்தேன். கடல்! அசல் கடல்! மூட்டையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சம்பந்தி தாராளமாக அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு நாட்களுக்கு முன், சனிக்கிழமை, தங்கள் கடை வேனில் ஐந்து பேரும் பைகளில் வந்து சேர்ந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி, தட்டையாக ஒரு மஞ்சள் மீன், மணலில் பொந்து வாசலில் நிற்கும் ஒரு குட்டி மீன், அந்தப் பொந்தைத் தோண்டுவதற்கென்றே கூட வந்த ஒரு விரல் நீள இறால். கடைசி இரண்டு பேரும் கூட்டுக் குடித்தனம் என்று தங்கள் மகள்தான் சொன்னாள். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாதாம். அது குனிந்து மண் வாரிக் கொட்டிக்கொண்டே இருக்கும், மீன் வாசலில் காவல் நிற்கும், இறாலின் மீசை ஒன்று எப்போதும் மீனைத் தொட்டுக்கொண்டே இருக்கும், ஆபத்து என்றால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே ஓடிவிடும். அதைச் சொல்லும்போது அவள் ஒரே மூச்சில் எட்டு வாக்கியம் பேசினாள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். அந்த நிமிடமே மீனுக்கு 'வாட்ச்மேன்', இறாலுக்கு 'கொத்தனார்' என்று பெயர் வைத்தோம். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

வந்தவர்களைத் தடாலென்று தண்ணீரில் தள்ளவில்லை சம்பந்தி, அந்த அளவுக்குக் குறிப்பின் முதல் பக்கத்தைப் படித்திருந்தேன். பைகளை முதலில் மிதக்கவிட்டோம். பிறகு வாளியில் விட்டு, மெல்லிய ரப்பர் குழாயில் முடிச்சுப் போட்டு, எங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் விழவைத்தோம். இரண்டு மணி நேரம். என் மனைவி முக்காலி போட்டு உட்கார்ந்து சொட்டு எண்ணினாள். புது நீரை உடம்பு மெல்ல மெல்லப் பழக வேண்டுமாம். எல்லாவற்றையும் இவ்வளவு பக்குவமாகச் செய்து, கடைசியில் அவர்களைப் பழக்கியது தப்பான தண்ணீருக்கு.

முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அதன் பலன் உடனே தெரிந்தது. மீன்கள் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று தொட்டி விளக்கு, ஹால் விளக்கு, போதாததற்கு டார்ச் என்று எல்லாவற்றையும் போட்டோம். "வந்தவங்கள வெறும் வயித்தோட விடுறதா?" என்று என் மனைவி ஒரு கைப்பிடி தீனி போட்டாள். தின்னவில்லை என்றதும் பிடிக்கவில்லையோ என்று இன்னொரு கைப்பிடி. மாடி வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்தார், எதிர் வீட்டு டைப்பிஸ்ட் அம்மா தன் அக்காவோடு வந்தார், எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "எங்கே, எங்கே, வெளியே வரச் சொல்லுங்க" என்று தட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத் தொட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விடுகிறது என்று நான் கத்த, மாடி வீட்டுக்காரர் குடும்பத்தோடு நாற்காலி மேல் ஏற, என் மனைவி வீட்டிலிருந்த பிளாஸ்திரி முழுவதையும் கொண்டுவந்து தொட்டியின் நாலு மூலையிலும் ஒட்டினாள். அது கொத்தனார் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் என்று தங்கள் மகளுக்குத் தெரியும். மறுநாள்தான் மெல்லச் சொன்னாள். "அப்பவே சொல்றதுக்கென்னம்மா?" என்றேன். "சரிங்க மாமா" என்றாள்.

இனிமேல்தான் சம்பந்தி, கஷ்டமான பகுதி.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். நேற்றைவிட உப்பு! தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, ஆகவே உப்பு ஏறும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, ஒரு வாளி எடுத்து ஊற்றிவிட்டு ஒரு வாளி நல்ல தண்ணீர் விட்டேன். அடுத்த நாள் சாயங்காலம் மறுபடியும் உப்பு. மறுபடியும் ஒரு வாளி. அதற்கடுத்த நாளும் அப்படியே. பாறை கடலிலிருந்து வந்ததாயிற்றே, உள்ளே ஊறிக் கிடக்கும் உப்பு கசிகிறதோ என்று ஒரு பாறையை எடுத்து நக்கிக்கூடப் பார்த்தேன். தங்களிடம் மறைக்க எனக்கு இனி ஒன்றும் இல்லை. என் மனைவியைச் சந்தேகப்பட்டேன், மாடி வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன், அட்டையில் 'கை' என்பதற்குப் பக்கத்தில் 'கண்டிப்பாக' என்று சேர்த்தேன். இதற்குள் மஞ்சள் மீன் வெளுத்துப்போய் ஒரு மூலையில் சாய்ந்து நின்றது. ஜோடி இரண்டும் துடுப்பை மடக்கிக்கொண்டு மேலே தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. வாட்ச்மேன் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கள் மகள் தினமும் ஒரு தடவை வந்து நின்று, "மாமா, தண்ணி பாத்தீங்களா?" என்று கேட்பாள். "பாத்தாச்சும்மா, கச்சிதமா இருக்கு" என்பேன். அவள் தொட்டியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தனார் காலமானார். பொந்துக்கு வெளியே மணலில் மல்லாந்து கிடந்தார். கண், மீசை, கொடுக்கு எல்லாம் அப்படியே இருந்தன, ஆனால் உடம்பு வெளுத்து, கண்ணாடிபோல் உள்ளே ஒன்றுமே இல்லாமல். பட்டினியில் இப்படியா கரைந்துபோவான் ஒருவன் என்று நினைத்தேன். கரண்டியால் எடுத்தேன், எடையே இல்லை. தங்கள் மகள் கையில் வாங்கிக்கொண்டு போய்ப் பால்கனிப் பூந்தொட்டியில் குழி தோண்டி வைத்தாள். என் மனைவி இரண்டு பூப் பறித்துப் போட்டாள். திரும்பி வந்து பார்த்தால், பாதி இடிந்த பொந்தின் வாசலில் வாட்ச்மேன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். சாப்பிடவில்லை, நகரவில்லை, அன்று முழுக்க அப்படியே. "யாருக்காகடா காத்துக்கிட்டு நிக்குறே?" என்று என் மனைவி கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கள் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு மத்தியானம் நான் ஏதோ சட்டை எடுக்க அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன், ஏனென்றால் எங்கள் பீரோ அவள் அறையில்தான் இருக்கிறது. அவள் சட்டென்று எழுந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

நேற்றுக் காலை நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவன் தெருமுனையிலேயே செருப்பு வார் அறுந்து பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன். ஹாலில் தங்கள் மகள் தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டிருந்தாள். ஒரு கையில் கூஜா. இன்னொரு கையில் தங்கள் கருவி, கண்ணில் வைத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீல வெல்வெட் பெட்டி திறந்து கிடந்தது.

"என்னம்மா பண்றே?" என்றேன்.

கூஜா கீழே விழுந்தது. எழுந்து நின்று, "சரிங்க மாமா" என்றாள்.

நான் கேட்டது ஒரு கேள்வி சம்பந்தி. அதற்கு இந்தப் பெண் 'சரிங்க மாமா' என்கிறாள். எட்டு மாதமாக இந்த வீட்டில் அவளுக்குத் தேவைப்பட்ட வார்த்தை இது ஒன்றுதான் என்பது எனக்கு அந்த நொடியில் சுரீரென்று உறைத்தது. அப்படியே செருப்பைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "உப்பு கம்மியா இருக்கு மாமா. முதல் நாள்லேருந்தே கம்மி. பீரோவுல கருவி இருந்தது, எடுத்துப் பாத்தேன். நீங்க வாக்கிங் போறப்போ தினமும் கொஞ்சம் கொஞ்சமா உப்புத் தண்ணி கலந்து விட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க முப்பத்து நாலு வருஷம்…" என்று அதற்கு மேல் முடியாமல் நிறுத்திவிட்டாள்.

புரிகிறதா சம்பந்தி? காலையில் அவள் உப்பை ஏற்றியிருக்கிறாள். சாயங்காலம் நான் இறக்கியிருக்கிறேன். மறுநாள் காலை அவள் ஏற்றியிருக்கிறாள். ஒன்பது நாள். ஒரே தண்ணீராக இருந்தால்கூட அந்த ஜீவன்கள் எப்படியோ சமாளித்திருக்கும். காலையில் ஒரு கடல், மாலையில் ஒரு கடல் என்றால் எதைப் பழகும்? நான் வறட்டுக் கௌரவத்தால் கருவியைத் தொடவில்லை, அவள் எனக்குக் கொடுத்த மரியாதையால் வாயைத் திறக்கவில்லை, நடுவில் கொத்தனார் போய்ச் சேர்ந்தார்.

சத்தம் கேட்டு வந்த என் மனைவி சமையலறைக்குப் போய், அவளும் தங்கள் மகளும் சாப்பிடும் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி காய் கொண்டுவந்து என் வாயில் வைத்தாள். "ஐயையோ, உப்பு!" என்று துப்பினேன். "நாங்க ரெண்டு பேரும் உப்பு பத்தலைன்னு சொல்லிக்கிட்டிருந்தோம். எட்டு மாசமா பத்தியச் சாப்பாடு சாப்பிடுற நாக்குங்க இது. ஒரு சிட்டிகை பட்டாலே அதுக்குக் கடல்தான்" என்றாள். முப்பத்து நாலு வருடச் சர்வீஸ் ஒரு கரண்டி காயில் முடிந்தது. எனக்கு ஓய்வு கொடுத்தபோது மாலை போட்டார்கள், நாற்காலி கொடுத்தார்கள், அப்போதுகூட நான் கலங்கவில்லை. நாக்கு இருக்கிறது என்ற தைரியம். இப்போது அதுவும் இல்லை.

அதைவிடப் பெரிய அடி அன்று மத்தியானம் விழுந்தது. தங்கள் குறிப்பின் மிச்ச மூன்று பக்கத்தையும் என் மனைவி உரக்கப் படித்தாள். 'புதிதாக வந்தது சில நாள் ஒளிந்துகொள்ளும், அதைக் குறை என்று எண்ண வேண்டாம். விளக்கைக் குறையுங்கள். வேடிக்கை பார்க்க ஆள் கூட்டாதீர்கள். சாப்பிடச் சொல்லித் தொந்தரவு செய்யாதீர்கள். அதற்கென்று ஒரு பொந்து இருக்கட்டும். அதற்குள் யாரும் கை விட வேண்டாம்.' படித்தவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தப் பொண்ணு வந்த அன்னிக்கு நாம என்னங்க பண்ணோம்?" என்றாள். என்ன செய்தோம்? ஹாலில் எல்லா விளக்கையும் போட்டோம். சொந்தக்காரர்கள் முப்பது பேரை வரிசையாக உட்காரவைத்தோம். மூன்று தடவை தட்டை நிரப்பினோம். அவளுக்கென்று ஓர் அறை கொடுத்து, அதில் எங்கள் பீரோவை வைத்துக்கொண்டு, நாளைக்குப் பத்துத் தடவை கதவைத் தட்டாமல் போய்வந்துகொண்டிருக்கிறோம். நேற்றுச் சாயங்காலம் நானும் என் மனைவியும் அந்தப் பீரோவை நகர்த்தி ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். என் இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. பிடிக்கட்டும்.

இன்றைய நிலவரம்: ஜோடி இன்னும் மேலேதான் மூச்சு வாங்குகிறது. மஞ்சள் மீனின் மஞ்சள் இன்னும் திரும்பவில்லை. வாட்ச்மேன் நான்காவது நாளாகத் துக்கத்தில் நிற்கிறான். தண்ணீரை முப்பத்தைந்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பைத் தங்கள் மகளிடமே ஒப்படைத்துவிட்டேன். அட்டையைக் கிழித்துவிட்டேன். இனி என் ஆயுளில் தொட்டித் தண்ணீரை நாக்கில் வைப்பதில்லை என்று என் மனைவி முன்னிலையில் உறுதி கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். வரும் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வருவதாக இருந்த பயணத்தைப் பதினைந்து நாள் தள்ளிப்போட வேண்டும். தாங்கள் இப்போது வந்து இந்தத் தொட்டியைப் பார்த்தால், புதிதாக வந்தவர்களை இவர்கள் இப்படித்தான் வைத்துக்கொள்வார்களா என்று நினைப்பீர்கள். நினைத்து, என் பெண்ணைக் கொஞ்ச நாள் அழைத்துப்போகிறேன் என்று சொன்னால், அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவளும் உங்களிடம் "சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நாதியில்லை சம்பந்தி. இதை அவளிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அதனால் உங்களிடம் எழுதுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் கடையும் குடும்பமும் மேலும் மேலும் விளங்க வேண்டும், தங்கள் முட்டி வலியின்றி மாடி ஏற வேண்டும், தங்கள் வீட்டுத் தொட்டி மீன்களாவது தலைமுறை தலைமுறையாகத் தழைக்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறோம்.

தங்கள் குற்றவாளிச் சம்பந்தி,
(முன்னாள்) நாக்கு சார்

பின்குறிப்பு: இதை நேற்று எழுதி உறையில் போட்டு வைத்தேன். இன்று காலை, தபாலில் சேர்ப்பதற்கு முன், வேறு இறால் வாங்கலாம் என்று நானும் தங்கள் மகளும் மீன் கடைக்குப் போனோம். செத்த இறால் எப்படி இருந்தது என்று கடைக்காரர் கேட்டார். கண்ணாடிபோல், உள்ளே ஒன்றுமில்லாமல் என்றேன். "அது செத்தது இல்ல சார், சட்டைய உரிச்சுப் போட்டிருக்கு. தண்ணி மாறிக்கிட்டே இருந்தா அப்படி உரிக்கும். புது ஓடு கெட்டிப்படுற வரைக்கும் உள்ளயே பதுங்கிக்கும்" என்றார். ஆக, பூந்தொட்டியில் நாங்கள் பூப்போட்டு அடக்கம் செய்தது கொத்தனாரின் பழைய சட்டையை. வாட்ச்மேன் நின்றது துக்கத்தினால் அல்ல, டியூட்டியில்.

பிறகு கடைக்காரர் தங்கள் கருவியை வாங்கிச் சுத்தமான தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பூஜ்யம் காட்ட வேண்டிய கோடு பூஜ்யத்துக்குக் கீழே போய் நின்றது. "திருகாணிய யாரோ திருகியிருக்காங்க. நாலு புள்ளி குறைச்சுக் காட்டுது. இதை நம்பி முப்பத்தஞ்சுக்குக் கொண்டுபோனா உப்பு ஏறிப்போயிடும்" என்றார். யார் திருகியது என்று நான் வாயைத் திறக்கவில்லை. தங்கள் மேல் எனக்குள்ள மரியாதை அப்படி. தங்கள் மகள்தான் என்னையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க நாக்கும் தப்பு மாமா, எங்கப்பா கருவியும் தப்பு!" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் சம்பந்தி. கடைக்குள், அத்தனை பேருக்கு முன்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வாக்கியத்தை அப்படியே தங்களுக்கு எழுதச் சொன்னது அவள்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே தொட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று கேட்டது. யாரும் பிளாஸ்திரி தேடி ஓடவில்லை.

இப்போது யோசித்தால், மேலே எழுதியிருப்பதில் ஒன்றும் உருப்படியில்லை. கொத்தனார் சாகவில்லை, என் நாக்கு முழுக்கவும் கெட்டுப்போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தாராளமாக வரலாம், வரும்போது அந்தத் திருகாணிக்கு ஒரு சின்னத் திருப்புளி கொண்டுவரவும். எனவே கடிதத்தைத் தங்கள் மகளிடம் கொடுத்து, "எல்லாமே தப்பாப் போச்சேம்மா, கிழிச்சுப் போட்டுடட்டுமா?" என்று கேட்டேன். அவள் முதலிலிருந்து கடைசி வரை நின்றுகொண்டே படித்தாள். நான் விண்ணப்பம் எழுதியிருக்கும் இடத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்து, உறையில் போட்டு, தன் கையால் ஒட்டினாள்.

"இல்ல மாமா" என்றாள்.

எட்டு மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் 'இல்ல'. அதனால் அப்படியே அனுப்புகிறேன். இந்தப் பின்குறிப்பு தனித்தாளில், தனி உறையில் வருவதும் அதனால்தான்.